சாலைப் பாதுகாப்புக்கான பணம்: ஓரிடத்தில் கொட்டுவதா, எல்லா இடத்திலும் பரப்புவதா?

சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு தொகை ஒதுக்கியாகிவிட்டது. பெரிய தொகையல்ல. அதை எங்கே செலவிடுவது என்ற கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அடிக்கடி விபத்து நடக்கும் நாற்சந்தியை முழுதாகச் சீரமைத்துவிடலாம் என்பார் ஒருவர். வாகனங்கள் நேருக்கு நேர் மோதும் அந்த ஒரு நெடுஞ்சாலையில் நடுத்தடுப்பு அமைக்கலாம் என்பார் இன்னொருவர். எல்லா வளைவுகளிலும் பலகை வைப்போம், எல்லாச் சாலைகளிலும் ஓரக்கோடு போடுவோம், சந்திப்புகளில் பார்வையை மறைக்கும் செடிகளை வெட்டுவோம் என்று மூன்றாமவர் சொல்வது பெரும்பாலும் எடுபடாமல் போகிறது. பார்வைக்குப் பெரிதாகத் தெரியாத வேலைகள் என்பதே காரணம்.

சாலைப் பொறியாளர்களும், உள்ளாட்சி உறுப்பினர்களும், குடியிருப்போர் சங்கத்தினரும் எதிர்கொள்ளும் இந்த மூன்று வழிகளையும் ஒரே அளவுகோல் கொண்டு இங்கே பார்க்கலாம். என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: விபத்துகள் ஓரிடத்தில் குவியாமல் சாலை நெடுகச் சிதறிக் கிடந்தால், குறைந்த செலவு மாற்றங்களைப் பரவலாகச் செய்வதுதான் அதிக உயிர்களைக் காக்கும். ஆனால் நடக்கும் விபத்தின் வகைக்கும் செய்யும் மாற்றத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் அந்த வழி வெறும் பெயின்ட் செலவாக முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து செல்பவர்கள், சைக்கிளில் செல்பவர்கள், மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இந்தக் கணக்கு பின்னணியில் இருக்கிறது. காருக்குள் இருப்பவரைக் காக்கும் ஒரு மாற்றம் இருசக்கர வாகனத்தில் வருபவரைக் கீழே தள்ளக்கூடியதாக இருந்தால், அதை மலிவான மாற்றம் என்று சொல்ல முடியாது.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வகை விபத்து? சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுவது, நேருக்கு நேர் மோதுவது, சந்திப்பில் பக்கவாட்டில் இடிப்பது, கடந்து செல்பவரை மோதுவது ஆகிய நான்கும் வேறு வேறு நோய்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் தவறு. நெரிசலான சந்திப்பில் நடக்கும் நூறு உரசல்களைவிட, ஊருக்கு வெளியே ஒரு வளைவில் நடக்கும் இரண்டு மரணங்கள்தான் முதல் கவனத்துக்கு உரியவை.

குவிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா? ஐந்து ஆண்டு விபத்துப் பதிவை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மூன்று வழிகளில் எது என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது.

வேகத்தைக் குறைக்கிறதா, தகவல் மட்டும் தருகிறதா? ஓட்டுநருக்கு எதிர்வினையாற்ற ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடியிருக்கும்; பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கும். 14 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை இறங்கினால் முதல் கார் நிற்கும், இரண்டாவது கார் ஏறத்தாழ முழு வேகத்தில் மோதும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வேகத்தைத் தொடாத மாற்றங்கள் அனைத்தும் ஓட்டுநரின் கவனத்தை நம்பியே நிற்கின்றன.

எவ்வளவு நாள் தாங்கும்? பக்கவிளைவு யாருக்கு? சத்தம், மழையில் வழுக்கல், ஆம்புலன்ஸுக்குத் தாமதம், நடப்பவருக்குச் சுற்றுவழி போன்றவை மதிப்பீட்டுத் தாளில் இடம்பெறாத செலவுகள். யாரோ ஒருவர் அவற்றைத் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பலன் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள முடியுமா? இதைக் கடைசியில் சொன்னாலும், முதல் வழியைப் பேசும்போதே இது முன்னால் வந்து நிற்கும்.

## வழி 1: விபத்து குவியும் இடத்தைச் சீரமைப்பது

பிளாக் ஸ்பாட் என்று குறிக்கப்பட்ட ஓரிடத்தை எடுத்து, அதன் வடிவமைப்பையே மாற்றுவது இந்த வழி. சந்திப்பைத் திருத்துவது, ரவுண்டானா அமைப்பது, வழுக்கும் வளைவில் பிடிமானம் அதிகமுள்ள மேற்பரப்பு போடுவது எல்லாம் இதில் அடங்கும்.

பலன் என்று பார்த்தால் இதுதான் வலுவானது. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8 ஆகிவிடுகின்றன. அதோடு, மோதினாலும் செங்குத்தாக இல்லாமல் சாய்கோணத்தில், குறைந்த வேகத்தில் மோதுகின்றன. சிறிய சாலைக்காரர் மட்டும் நின்று செல்ல வேண்டிய சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றியபோது, உயிரிழப்பும் காயமும் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 80 சதவீதம் குறைந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் தொகுத்த ஆய்வுகள் காட்டுகின்றன. பரவலான சிறு மாற்றம் எதுவும் ஓரிடத்தில் இந்த அளவு பலன் தராது.

மறைமுகச் செலவு நிலத்தில் தொடங்குகிறது. மின்கம்பம், குடிநீர்க் குழாய், கேபிள் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு அனுமதி, ஒரு காத்திருப்பு. திட்டம் காகிதத்தில் இருக்கும் காலம் முழுவதும் அந்த இடத்தில் ஆட்கள் அடிபட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு குறை கணக்கில் ஒளிந்திருக்கிறது. நூறு பேர் பகடை உருட்டி, தொடர்ந்து ஆறு விழுந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கையில் ஒரு கயிறு கட்டிவிட்டு மறுபடி உருட்டச் சொன்னால், இந்த முறை ஆறு குறைவாகத்தான் விழும். கயிறு வேலை செய்தது என்று அதற்குப் பொருளில்லை. விபத்துகளிலும் இதே தற்செயல் இருக்கிறது. ஒரே ஓர் ஆண்டின் எண்ணிக்கையைப் பார்த்து மோசமான பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அவற்றில் பல அடுத்த ஆண்டு தாமாகவே குறையும். அந்தக் குறைவை நம் செலவின் வெற்றி என்று எழுதிக்கொள்வது மிக எளிது. பிரிட்டனில் வேகக் கேமராக்களை மதிப்பிட்ட 2005 அறிக்கை இந்தச் சராசரிக்குத் திரும்பும் விளைவைத் தனியே கணக்கிட்டபோது, கேமராவின் பலனாகத் தெரிந்ததில் கணிசமான பகுதி இதில்தான் கரைந்தது. மீதமும் நல்ல பலன்தான், ஆனால் முதலில் தோன்றிய அளவு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வழி உயிர்ப்பலிக்காகக் காத்திருக்கிறது. ஓரிடம் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் அங்கே முதலில் சிலர் சாக வேண்டும். அதே வளைவு, அதே அகலம், அதே மறைவு உள்ள பக்கத்துச் சாலையின் வளைவு பட்டியலில் இருக்காது.

இது சிறந்த தேர்வாவது: பல ஆண்டுகளாகத் தொடர்ந்து, ஒரே வகை விபத்து, ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தால். நகரத்தின் பெரிய சந்திப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

## வழி 2: ஒரு சாலையை முழுதாகத் திருத்துவது

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல், சாலையில் ஒருவரும் இறக்கவோ பலத்த காயமடையவோ கூடாது என்பதையே நீண்டகால இலக்காக ஏற்றது. அப்போது அங்கே 13 மீட்டர் அகலச் சாலைகள் நிறைய இருந்தன: இரண்டு தடம், இரு பக்கமும் அகலமான ஓரம், நடுவில் வெறும் கோடு. நேருக்கு நேர் மோதல்கள் அவற்றில்தான் அதிகம். அவற்றை நான்கு வழியாக அகலப்படுத்தப் பணம் போதாது. அதே 13 மீட்டருக்குள் மூன்று தடங்களை வரைந்து, நடுத்தடத்தை ஒவ்வொரு திசைக்கும் மாறி மாறி முந்துவதற்குக் கொடுத்து, எதிரெதிர்த் திசைகளுக்கு இடையே எஃகுக் கம்பித் தடுப்பு போட்டார்கள். 1998-இல் தொடங்கிய இந்த முறையால் அந்தச் சாலைகளில் மரணங்கள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தன. மோட்டார் சைக்கிள்காரர்களைக் கம்பி வெட்டிவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அவர்களுடைய மரணங்களும் குறையவே செய்தன.

இது மலிவா என்றால், அகலப்படுத்துவதோடு ஒப்பிட்டால் மிக மலிவு. கோடு போடுவதோடு ஒப்பிட்டால் விலை அதிகம். தடுப்பை அடிக்கடி இடித்துவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் பழுது பார்க்க வேண்டும். சாலையோரம் வீடும் கடையும் வயலும் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. எதிர்ப்பக்கம் போக வேண்டியவர் வெகுதூரம் சென்று திரும்ப வேண்டும்; பலர் அப்படிச் செய்யாமல் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டி வருவார்கள், அல்லது தடுப்பில் ஒரு இடைவெளியை உருவாக்கிக்கொள்வார்கள். நேருக்கு நேர் மோதலைத் தடுக்கப் போட்ட தடுப்பு, நடப்பவர் தாண்டிக் குதிக்கும் சுவராகிவிடும். கடக்கும் இடங்களையும் திரும்பும் இடங்களையும் சேர்த்துத் திட்டமிடாத நடுத்தடுப்பை நான் ஆதரிக்க மாட்டேன்.

நகரத்துக்குள் இதே வழிக்கு ஒரு மலிவான வடிவம் உண்டு. நான்கு தடச் சாலையை, திசைக்கு ஒன்றாக இரண்டு தடமும் நடுவில் திரும்புவதற்கான ஒரு தடமுமாக மாற்றி வரைவது. மீதமாகும் அகலம் சைக்கிளுக்கோ நடைபாதைக்கோ போகும். அமெரிக்காவில் இப்படி மாற்றிய சாலைகளில் மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்திருக்கின்றன. மறுதளம் போடும் (பழைய சாலையின்மேல் புதிதாகத் தார் போடும்) சமயத்தில் செய்தால் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை, ஏனென்றால் கோடுகளை எப்படியும் புதிதாகப் போட்டாக வேண்டும்.

இது சிறந்த தேர்வாவது: போக்குவரத்து அதிகமுள்ள ஒரே சாலையில் நேருக்கு நேர் மோதல்கள் நெடுக நடந்துகொண்டிருந்தால், அல்லது மறுதளப் பணி ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால்.

## வழி 3: சிறு செலவில், அதே வகை இடங்கள் எல்லாவற்றிலும்

ஊர்ப்புற இருவழிச் சாலைகளில் எந்த ஒரு வளைவை எடுத்துப் பார்த்தாலும் ஐந்து ஆண்டில் ஒரு மரணம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் வளைவுகளை ஓர் இனமாகச் சேர்த்துப் பார்த்தால் படம் மாறிவிடும். அமெரிக்காவில் உயிரிழப்பு விபத்துகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் வளைவோடு தொடர்புடையவை. நேரான பகுதிகளைப்போல சுமார் மூன்று மடங்கு விபத்து விகிதம் வளைவுகளில் இருக்கிறது. அடுத்த மரணம் எந்த வளைவில் என்று யாராலும் சொல்ல முடியாது. எப்படிப்பட்ட வளைவில் என்று சொல்ல முடியும்: குறுகலானது, நீண்ட நேர்ப்பகுதிக்குப் பிறகு திடீரென்று வருவது, நடுவில் கிளைச்சாலை சேர்வது, அல்லது மரவரிசையும் மின்கம்பியும் நேராகப் போய்க்கொண்டிருக்கச் சாலை மட்டும் திரும்புவது. இந்த அடையாளங்கள் உள்ள எல்லா இடங்களிலும், விபத்து நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே தொகுப்பான மலிவு வேலைகளைச் செய்வதுதான் மூன்றாவது வழி.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் நூற்றுக்கணக்கான சிக்னல் இல்லாச் சந்திப்புகளில் இதைச் செய்தது. பெரிய பலகைகள், இரண்டு பக்கமும் பலகை, தூண்களில் ஒளிரும் பட்டை, தெளிவான நிறுத்தக் கோடு என்று எல்லாம் எளிய வேலைகள். காயமும் மரணமும் ஏற்படுத்தும் விபத்துகள் மொத்தத்தில் 10 சதவீதமும், ஊர்ப்புறச் சந்திப்புகளில் 27 சதவீதமும் குறைந்தன. சராசரியாகச் செலவுக்குப் பன்னிரண்டு மடங்கு பலன். ரவுண்டானாவின் 80 சதவீதத்தோடு பார்க்கையில் 10 சிறிதாகத் தெரியும். ஆனால் ஒரு ரவுண்டானாவின் செலவில் எத்தனை சந்திப்புகளைத் தொட முடியும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த வழியில் தவறுவதற்கான இடங்களும் நிறைய. அதனால் ஒவ்வொரு கருவியையும் தனியே பார்ப்போம்.

### கோடுகள், பிரதிபலிப்பான்கள்

ஊர்ப்புற இருவழிச் சாலையில் ஓரக்கோட்டின் அகலத்தை 10 செ.மீ.யிலிருந்து 15 ஆக்கியபோது, சந்திப்பு அல்லாத இடங்களில் காயம், மரணம் ஏற்படுத்தும் விபத்துகள் 37 சதவீதம் குறைந்ததாக அமெரிக்கத் தரவு சொல்கிறது. ஐந்து செ.மீ. பெயின்டுக்கு இது அசாதாரணமான பலன். இரவில் அந்தக் கோடு தெரிவது பெயின்டில் பதிந்த நுண்ணிய கண்ணாடி மணிகளால்தான். மணி உதிர்ந்தால், பகலில் பளிச்சென்று இருக்கும் கோடு இரவில் மறைந்துவிடும். ஆய்வுக்குப் போகிறவர்கள் இரவில், முடிந்தால் மழையில் போக வேண்டும்.

சாலையில் பதிக்கும் பிரதிபலிப்பான்கள் எல்லா இடத்துக்கும் நல்லவை என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவில் 2004-இல் வெளியான விரிவான ஆய்வு அதை மறுத்தது: போக்குவரத்து குறைவான இருவழிச் சாலைகளின் கூர்மையான வளைவுகளில் அவற்றைப் பதித்த பிறகு இரவு விபத்துகள் கூடியிருந்தன. பாதை தெளிவாகத் தெரிந்ததும் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டியிருக்கலாம். வேகத்தைக் குறைக்காமல் தகவலை மட்டும் தரும் மாற்றத்தின் ஆபத்து இதுதான்.

### வளைவுப் பலகைகள்

அம்புக்குறி வரிசைப் பலகைகள் வளைவின் கூர்மையைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகின்றன. இரவு விபத்துகளில் சுமார் 25 சதவீதக் குறைவு கிடைக்கிறது. எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் குறைந்தது இரண்டு பலகைகள் ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும்; ஒற்றைப் பலகை வளைவைக் காட்டாது. லேசான திருப்பத்துக்கெல்லாம் பலகை வைத்துவிட்டால், உண்மையான அபாய வளைவில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எந்தக் கூர்மைக்கு மேல் வைப்பது என்ற ஒரே விதியைச் சாலைப் பிணையம் (ஒரு பகுதியின் சாலைகள் எல்லாம் சேர்ந்த வலை) முழுவதும் கடைப்பிடிப்பது பலகையின் தரத்தைவிட முக்கியம்.

### அதிர்வுப் பட்டைகள்

ரம்பிள் ஸ்ட்ரிப் இரண்டு வகை. ஓரத்திலும் நடுவிலும் நீளவாக்கில் செதுக்குவது தூக்கக் கலக்கத்தில் விலகுபவரை எழுப்ப. இருவழி ஊர்ப்புறச் சாலைகளில், ஓரத்தில் செதுக்கியபோது தனி வாகனம் சாலையை விட்டு விலகிக் காயமோ மரணமோ ஏற்படும் விபத்துகள் 36 சதவீதமும், நடுவில் செதுக்கியபோது அதே கடுமையுள்ள நேருக்கு நேர் மோதல்கள் 44 சதவீதமும் குறைந்தன. ஆனால் ஓரம் குறுகலாக இருந்தால் சைக்கிள்காரர் பட்டையின் மேல் ஓட்டவும் முடியாது, அதற்கு வெளியே போகவும் இடமிருக்காது. சாலையின் நடுப்பக்கம் தள்ளப்படுவார். அங்கே ஓரப்பட்டை வேண்டாம், அகலமான கோடே போதும்.

குறுக்குவாக்கில் போடுவது, ஊர் அல்லது சந்திப்பு வருகிறது என்று எச்சரிக்க. கானாவில் அக்ரா–குமாசி நெடுஞ்சாலையின் சுஹும் சந்திப்பில் இவற்றைப் போட்டபோது விபத்துகள் சுமார் 35 சதவீதமும் மரணங்கள் சுமார் 55 சதவீதமும் குறைந்தன. பணம் அதிகமில்லாத நாட்டின் நெடுஞ்சாலையில் கிடைத்த இந்தப் பலனை நான் மிக மதிக்கிறேன். தேய்ந்தால் பலன் போய்விடும். அருகில் வீடு இருந்தால் இரவெல்லாம் சத்தம். அங்கு தூங்குபவர்கள் தரும் விலை அது. தடித்த பெயின்ட் பட்டைகள் மழையில் இருசக்கர வாகனத்துக்கு வழுக்கும், ஆகவே பிரேக் பிடிக்கும் இடத்திலோ வளைவுக்குள்ளோ அவற்றைப் போடக் கூடாது.

### வேகத்தடை

மக்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதிகம் கெடுத்துச் செய்யப்படுவதும் இதுதான். பிரிட்டனின் சாலை ஆய்வகம் 1970-களில் சோதித்து வகுத்த வடிவம் வாகனம் போகும் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம் கொண்ட வட்ட வில். வேகம் கூடக் கூட அசௌகரியம் கூடும்படி இந்த வடிவம் அமைகிறது. அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக எழுப்பும் மேடு நேர்மாறானது: மெதுவாக ஏறுபவரை உலுக்கும், நல்ல சஸ்பென்ஷன் உள்ள கார் வேகமாகப் போனால் சக்கரம் மட்டும் குதித்துவிட்டு வண்டி அலுங்காமல் போய்விடும். இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்திருப்பவரைத் தூக்கியெறிவதும் அந்த மேடுதான். வெள்ளைப் பட்டை அழிந்த வேகத்தடை இரவில் உயிரையே எடுக்கும்.

ஒரே ஒரு தடை போட்டுப் பயனில்லை. தாண்டியதும் வேகம் திரும்பிவிடும். சுமார் நூறு மீட்டர் இடைவெளியில் தொடராக இருந்தால்தான் தெருவின் வேகமே இறங்கும். ஆம்புலன்ஸ் பாதையிலும் வேகமான நெடுஞ்சாலையிலும் இதற்கு இடமில்லை. பள்ளிக்கு எதிரே என்றால், தட்டையான மேல்பரப்புள்ள உயர்த்திய கடவுப்பாதையை நான் தேர்ந்தெடுப்பேன்: வேகத்தடையும் அதுவே, கடக்கும் இடமும் அதுவே.

### நடந்து கடப்பவர்களுக்கு

பலதடச் சாலையில் ஜீப்ரா கோடு மட்டும் போடுவது போதாது என்பதோடு, சில இடங்களில் தீங்கும்கூட. தினம் 12,000 வாகனங்களுக்கு மேல் ஓடும் அமெரிக்கப் பலதடச் சாலைகளில், வேறு வசதி எதுவும் இல்லாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில், கோடே இல்லாத இடங்களைவிட நடப்பவர் அடிபடும் விகிதம் அதிகமாக இருந்தது. முதல் தடத்தில் ஒரு வாகனம் வழிவிட்டு நிற்கும். அதன் மறைவிலிருந்து வெளிப்படுபவரை இரண்டாவது தடத்தில் வருபவர் பார்ப்பதில்லை. அங்கே நடுவில் நின்று இளைப்பாற ஒரு திட்டு கட்டினால் நடப்பவர் விபத்துகள் பாதிக்கு மேல் குறைகின்றன. ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும் என்பதே அதன் பலம். முதியவர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சில நிமிடம் சாலையோரம் நின்று பார்த்தாலே தெரியும்.

சிக்னல் உள்ள இடத்தில், வாகனங்களுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 நொடி முன்பே நடப்பவருக்குப் பச்சை தரலாம். நேர அமைப்பை மாற்றுவது மட்டும்தான் வேலை. நடப்பவர்–வாகன மோதல் சுமார் 13 சதவீதம் குறைகிறது.

முனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுத்துப் பார்வையைத் திறந்துவிடுவதும் இதே ரகம். நியூ ஜெர்சியின் ஹோபோகன் என்ற சிறு நகரம் இதைத் தெருமுனை தெருமுனையாக, மறுதளம் போடும்போதெல்லாம் செய்துகொண்டே வந்தது. பின்னர் வேக வரம்பையும் குறைத்தது. 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே சாலை விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. ஒரு மேம்பாலமும் கட்டாமல் கிடைத்த பலன் இது. நிறுத்துமிடம் குறைகிறது என்ற எதிர்ப்பு நிச்சயம் வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

### சாலை விளிம்பு

தளத்தின்மேல் தளமாகப் போட்டுக்கொண்டே போனால் விளிம்பு படிக்கட்டாகிவிடும். ஒரு சக்கரம் கீழே இறங்கியவர் பதறித் திருப்பும்போது டயர் விளிம்பில் உரசி, ஏறியதும் வண்டி எதிர்த்தடத்துக்குப் பாயும். தார் போடும்போதே விளிம்பை 30 டிகிரி சரிவாக அழுத்திவிட்டால் மீண்டும் ஏறுவது எளிது. கூடுதல் செலவு மிகச் சிறிது. பிறகு தனியாகச் செய்ய நினைத்தால் அந்த மலிவு கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஓரிடச் சீரமைப்பு | ஒரு சாலை முழுதும் | பரவலான சிறு மாற்றம் |
|---|---|---|---|
| ஓரிடத்தில் கிடைக்கும் பலன் | மிக அதிகம் | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| எட்டும் தூரம் | ஒரு சந்திப்பு, ஒரு வளைவு | ஒரு வழித்தடம் | பிணையம் முழுவதும் |
| தொடங்க ஆகும் காலம் | நீண்டது | நடுத்தரம். மறுதளத்தோடு என்றால் குறைவு | குறைவு |
| மறைமுகச் செலவு | நிலம், குழாய், கம்பம் நகர்த்தல் | சுற்றுவழி, தடுப்புப் பழுது | தொடர் பராமரிப்பு, சத்தம், வழுக்கல் |
| தேவையான தரவு | இடவாரியான பல ஆண்டு விபத்துப் பதிவு | வழித்தட விபத்து வகை, வேகம் | சாலை அமைப்பின் கணக்கெடுப்பு |
| தவறும் விதம் | தற்செயலால் மோசமாகத் தெரிந்த இடத்தைத் தேர்வது | கடக்க வழியில்லாத தடுப்பு | அழிந்த பெயின்ட், பொருந்தாத கருவி |

## எந்தச் சூழலுக்கு எது

விபத்துப் பதிவே சரியாக இல்லாத இடங்களில் மூன்றாவது வழிதான் கைகொடுக்கும். யார் எங்கே அடிபட்டார் என்ற ஆவணம் இல்லாவிட்டாலும், எந்த வளைவு குறுகியது, எந்தச் சந்திப்பில் மறைவு இருக்கிறது என்பதைச் சாலையில் போய்ப் பார்த்துப் பட்டியலிட முடியும். புதிதாகத் தொடங்கும் உள்ளாட்சி அமைப்புக்கு இதையே சொல்வேன்.

பதிவு நன்றாக இருந்து, மரணங்களில் பெரும்பகுதி சில சந்திப்புகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தயங்காமல் முதல் வழிக்குப் போகலாம். அப்போதும் பணி தொடங்கும்வரை அந்த இடங்களைச் சும்மா விடக் கூடாது: பார்வை மறைவை நீக்குவதும், கோடுகளைப் புதுப்பிப்பதும், வேகத்தைக் குறைக்கும் தற்காலிகத் திட்டுகளை வைப்பதும் சில வாரங்களில் முடிகிற காரியங்கள்.

பணத்தைப் பிரிப்பதா என்று கேட்பவர்களுக்கு: பிரிக்கலாம், ஆனால் சமமாக வேண்டாம். ஊர்ப்புறப் பிணையம் என்றால் பெரும்பங்கு மூன்றாவது வழிக்கு. அடர்ந்த நகரம் என்றால் பெரும்பங்கு சந்திப்புகளுக்கும் நடப்பவர்களுக்கும். பராமரிப்புப் பணத்தை மட்டும் எந்தச் சூழலிலும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். நூறு வளைவுகளில் கோடு போட்டு இரண்டாம் ஆண்டில் அழியவிடுவதைவிட, அறுபது வளைவுகளில் போட்டு ஐந்து ஆண்டு பளிச்சென்று வைத்திருப்பது மேல்.

## செய்த பிறகு

மூன்றாவது வழியில் ஓரிடத்தின் விபத்து எண்ணிக்கையை வைத்து வெற்றி தோல்வி சொல்ல முடியாது. அந்த எண்கள் மிகச் சிறியவை. மாற்றம் செய்த வளைவுகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அதே வகையில் இன்னும் தொடாத வளைவுகளின் தொகுப்போடு ஒப்பிட வேண்டும். முன்னும் பின்னும் குறைந்தது மூன்று ஆண்டுத் தரவு இருந்தால் நல்லது.

அதுவரை காத்திருக்காமல் பார்க்கக்கூடியது வேகம். வேலைக்கு முன் ஒரு முறை, முடிந்து சில மாதம் கழித்து ஒரு முறை, நூறு வாகனங்களில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகின்றன என்று அளந்தால் போதும். வேகம் கூடியிருந்தால் அந்தத் தொகுப்பை அடுத்த சாலைக்குக் கொண்டுபோகும் முன் நிறுத்தி, வேகத்தைக் குறைக்கும் ஒரு கருவியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவில் கோடும் பலகையும் தெரிகிறதா என்ற சோதனையை மழைக்காலத்துக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர்களோடு அந்தச் சாலையில் தினமும் சைக்கிளில் போகிறவர்களையும் நடந்து கடக்கிறவர்களையும் கேட்டால், எந்தப் பட்டை வழுக்குகிறது, எந்தத் திட்டில் நிற்க இடம் போதவில்லை என்பது அந்த வாரமே தெரிந்துவிடும்.